மூளைக் காயமும் உயிரணு மாற்றுச் சிகிச்சையும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். கும்பகோணம் பக்கத்துக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடங்களாகத் தில்லிவாசி. கையில் வழவழப்பான ஒரு துண்டுப் பிரசுரம் வைத்திருந்தார்.

அவருடைய மகன் பதினான்கு மாதங்களுக்கு முன் ரிங் ரோடில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் வாரைப் பூட்டவில்லை. உயிர் பிழைத்தான். வலது கையும் காலும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. சொல்ல நினைக்கும் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது.

"வாத்தியார் சார், ஸ்டெம் செல் வைத்தால் மூளை மறுபடி வளரும் என்கிறார்கள். மூன்று தவணை ஊசி, மொத்தம் ஒன்பது லட்சம். ஊரில் மூணு மா நஞ்சை இருக்கு. வித்துடலாமா?"

நான் டாக்டர் அல்ல. முப்பத்திரண்டு வருடம் உயிரியல் பாடம் நடத்தியவன். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, படிக்க வேண்டியதைப் படித்தேன். அவருக்குச் சொன்னதையே நம் வாசகர்களுக்கும் ஒரு பாடமாக எழுதுகிறேன். இந்தக் கேள்வி நம்மில் எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடியது.

1. மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடல் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே எடுத்துக்கொள்கிறது. இதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்பு கொண்டிருக்கிறது.

தூக்குச் சட்டியில் தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறோம். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். சட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே தயிர் கலங்கிவிடுகிறது. தலையில் அடிபடும்போதும் இதுதான் நிகழ்கிறது. மண்டை ஓடு முழுதாக இருந்தாலும் உள்ளே மூளை முன்னும் பின்னும் மோதுகிறது, திருகிக்கொள்கிறது, நரம்பணுக்களின் நீண்ட இழைகள் அறுபடுகின்றன. இது முதல் காயம். ஒரு நொடியில் முடிந்துவிடும். இதை எந்த மருத்துவராலும் திரும்பப் பெற முடியாது.

இரண்டாவது காயம் அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் வருகிறது. சிதைந்த அணுக்களிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது பக்கத்து அணுக்களைத் தூண்ட, அவற்றுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்து அவையும் மடிகின்றன. மூளை வீங்குகிறது. மண்டை ஓடு மூடிய பெட்டி. வீங்க இடம் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. நல்ல பகுதியும் கெடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் போராடுவது இந்த இரண்டாவது காயத்தோடுதான். நோயாளி கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுகிறார்களே, அந்த முறையை 1974ல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வகுத்தார்கள்.

மாதக்கணக்கில் காலம் கடந்தபின் வீக்கம் வடிந்துவிடும். மிஞ்சுவது தழும்பும், அறுந்த தொடர்புகளும். ஆகவே மூளைக் காயத்துக்குச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: எந்தக் கட்டத்துக்கு? முதல் சில நாட்களில் காப்பாற்றுவதற்கா, ஓராண்டு கழித்துப் பழுது பார்ப்பதற்கா? இரண்டும் வேறு வேறு வேலைகள்.

2. மூளை ஏன் தானே ஆறுவதில்லை?

தோலில் வெட்டுப்பட்டால் புதுத் தோல் வருகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்தாலும் வளர்ந்துவிடுகிறது. நரம்பணுவோ முதிர்ந்தபின் பிரிவதில்லை. ஸ்பெயின் நாட்டு மேதை ரமோன் இ காஹால் 1913-14ல் வெளியிட்ட நூலில், வளர்ந்த மூளையில் புதுப்பித்தல் இல்லை என்ற முடிவுக்கே வந்தார். ஐம்பது ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது.

1960களில் அமெரிக்காவில் ஜோசஃப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பணுக்களைக் கண்டதாக எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1992ல் கனடாவில் ரெய்னால்ட்ஸ், வைஸ் என்ற இருவர் வளர்ந்த எலியின் மூளையிலிருந்தே பிரிந்து பெருகக்கூடிய அணுக்களை எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். 1998ல் எரிக்சன், கேஜ் ஆகியோரின் குழு, மனித மூளையில் நினைவுக்குரிய ஒரு பகுதியிலும் புதிய அணுக்கள் தோன்றுவதாக அறிவித்தது. 2018ல் வந்த இரு ஆய்வுகள் இதே விஷயத்தில் ஒன்றுக்கொன்று எதிரான முடிவைச் சொல்லின. எது சரியாக இருந்தாலும், பெரிய காயத்தை நிரப்ப அந்த இயற்கைக் கையிருப்பு போதாது என்பதில் சந்தேகமில்லை. 'உள்ளே போதாதென்றால் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?' என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

3. எந்த அணுக்களைக் கொடுப்பது?

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்கிறோம். வாழைக் குருத்து விரிந்து இலையாவதுபோல, இன்ன அணு என்று முடிவாகாத இளம் அணு பிறகு ஒரு குறிப்பிட்ட வகையாக மாறுகிறது. மூளைக் காய ஆராய்ச்சியில் பெரும்பாலும் நான்கு வகைகள் பயன்படுகின்றன.

முதலாவது, கருவின் மூளையிலிருந்து எடுக்கப்படும் நரம்புக் குருத்தணு. கிடைப்பது அரிது, அறநெறிக் கேள்விகளும் உண்டு.

இரண்டாவது, ஆரம்பக் கருவிலிருந்து பெறப்படுவது. 1998ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் இதை முதலில் வளர்த்தார். எந்த அணுவாகவும் மாறும் ஆற்றல் உண்டு. அதே ஆற்றலால் கட்டியாகவும் மாறலாம்.

மூன்றாவது, சாதாரணத் தோல் அணுவைப் பின்னோக்கித் திருப்பிக் குருத்தணு ஆக்குவது. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006ல் எலியிலும் 2007ல் மனித அணுவிலும் இதைச் செய்து காட்டி, 2012ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நான்காவது, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் தொப்புள் கொடியிலிருந்தும் எடுக்கப்படுபவை. எடுப்பது சுலபம். ஆகையால் மனிதர்களில் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை இந்த வகையே. விளம்பரங்களில் விற்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

4. நாற்றா, எருவா?

உள்ளே போன அணு என்ன செய்கிறது? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

அழிந்த பயிருக்குப் பதில் புது நாற்று நடுகிறோம் என்பது ஒரு கருத்து. அதாவது, கொடுத்த அணு நரம்பணுவாகி, பழைய அணுவின் இடத்தில் உட்கார வேண்டும். இதற்கு அது உயிரோடு தங்க வேண்டும். சரியான வகையாக மாற வேண்டும். பல சென்டிமீட்டர் தூரம் இழை நீட்டிச் சரியான முகவரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பார்க்கின்சன் நோயில், ஒரே வகை அணு ஒரு குறிப்பிட்ட இடத்தில் குறைகிறது. அங்கே இந்த முயற்சி 1980களின் இறுதியிலேயே ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கியது. சிலருக்குப் பல ஆண்டுகள் பலன் நின்றது. ஆனால் அமெரிக்காவில் 2001லும் 2003லும் வெளியான இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகள் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. சிலருக்குக் கட்டுக்கடங்காத உடல் அசைவுகள் வந்தன. ஓரிடத்தில் ஒரு வகை அணுவுக்கே இந்தப் பாடு என்றால், விபத்துக் காயத்தில் பல வகை அணுக்கள், பல இடங்கள். ஒருவர் காயம்போல் இன்னொருவர் காயம் இருப்பதில்லை.

நாற்று இல்லை, எரு என்பது இன்னொரு கருத்து. மஜ்ஜை அணுக்கள் மூளையில் நெடுநாள் தங்குவதில்லை. ஆனால் இருக்கும் காலத்தில் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவை அழற்சியைத் தணிக்கலாம். மிஞ்சிய நரம்பணுக்கள் புது இழை விட ஊக்கம் தரலாம். விலங்குச் சோதனைகளில் கண்ட முன்னேற்றத்துக்கு இதையே முக்கியக் காரணமாக இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே 'மூளை மறுபடி வளரும்' என்ற விளம்பர வாசகம், ஆய்வாளர்களே சொல்லாத ஒன்று.

செலுத்தும் வழியும் முக்கியம். கை நரம்பில் ஏற்றினால் அணுக்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் தேங்கிவிடுவதை விலங்குச் சோதனைகள் காட்டின. முதுகுத் தண்டு நீரில் செலுத்துவது இரண்டாவது வழி. மண்டையில் துளையிட்டுக் காயத்தின் ஓரத்திலேயே வைப்பது மூன்றாவது. இது சரியான இடத்தில் சேர்க்கும். ஆனால் அறுவைக்குரிய ஆபத்து உண்டு.

5. மனிதர்களில் இதுவரை கண்டது என்ன?

ஹூஸ்டன் நகரில் சார்லஸ் காக்ஸ் தலைமையிலான குழு, தலையில் பலத்த அடிபட்ட 10 குழந்தைகளுக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுத்த அணுக்களை 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் செலுத்தியது. 2011ல் முடிவு வெளியானது. பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்று தெரிந்தது. பலன் உண்டா என்று தீர்மானிக்க 10 பேர் போதாது. இது காப்பாற்றும் கட்டத்துக்குரிய முயற்சி என்பதையும் கவனிக்கவும்.

பழுது பார்க்கும் கட்டத்துக்கு மிக முக்கியமானது, ஜப்பானின் சான்பயோ நிறுவனத்தின் சோதனை. விபத்து நடந்து ஓராண்டுக்கு மேலாகியும் கை கால் பலவீனம் நீங்காத 61 பேர். அவர்களில் 46 பேருக்கு மண்டையில் துளையிட்டு, கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து வளர்த்துச் சற்று மாற்றிய அணுக்களை 25 லட்சம் முதல் ஒரு கோடி வரை வைத்தார்கள். மற்ற 15 பேருக்கு அணு எதுவும் வைக்காமல் போலி அறுவை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து, நூறு புள்ளி கொண்ட இயக்க அளவுகோலில் அணு பெற்றவர்கள் சராசரியாக 8.3 புள்ளி முன்னேறினார்கள், பெறாதவர்கள் 2.3 புள்ளி. இது 2021ல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரு குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதே அணுவைப் பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை இலக்கை எட்டவில்லை என்று 2019ல் அறிவித்தார்கள்.

2024 ஜூலையில் ஜப்பான் அரசு இதற்கு அனுமதி வழங்கியது. ஆனால் அது நிபந்தனையோடும் காலவரையறையோடும் கூடிய அனுமதி. பலனை மேலும் நிரூபித்துக் காட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அணுவே பெறாத குழுவும் சராசரியாக ஓரளவு முன்னேறியது. அவர்களில் ஒருவரை வீடியோ எடுத்து, 'பாருங்கள், கை தூக்குகிறார்' என்று காட்டினால் நாம் நம்பிவிடுவோம் அல்லவா?

நம் நாட்டிலும் நேர்மையான சோதனை நடந்திருக்கிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மையங்களில், பக்கவாதம் வந்த 120 பேரிடம் மஜ்ஜை அணுச் சோதனை நடத்தினார்கள். பாதுகாப்பானது, ஆனால் பலன் தெரியவில்லை என்று 2014ல் மறைக்காமல் எழுதினார்கள். தோல்வியை வெளியிடுவதும் அறிவியல்தான்.

6. இத்தனை கெடுபிடி எதற்கு?

'நல்லது செய்யும் என்றால் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?' என்று நண்பரும் கேட்டார். இரண்டு உதாரணங்கள் சொன்னேன்.

தலைக் காயத்தில் மூளை வீங்குகிறது; ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும்; எனவே கொடுக்கலாம் என்று உலகெங்கும் பல ஆண்டுகள் கொடுத்து வந்தார்கள். கடைசியில் 10,008 பேரிடம் முறையாகச் சோதித்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதம். பெறாதவர்களில் 18 சதவீதம். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து உயிரைக் குடித்திருக்கிறது. புரொஜெஸ்டிரோன் என்ற இயக்குநீர் எலிகளிலும், சிறிய மனிதச் சோதனைகளிலும் அற்புதமாகத் தெரிந்தது. 2,000 பேருக்கு மேல் சேர்ந்த இரண்டு பெரிய சோதனைகளில் பலனே இல்லை என்று 2014ல் தெரிந்தது.

அணு மாற்றில் இன்னொரு கவலையும் உண்டு. மாத்திரையை நிறுத்திவிடலாம், வைத்த உயிரணுவைத் திரும்ப எடுக்க முடியாது. அரிய நரம்பு நோயுள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவின் நரம்புக் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் காணப்பட்டன. பரிசோதித்தபோது அவை அவனுடைய அணுக்கள் அல்ல, கொடையாக வந்த அணுக்கள் என்று தெரிந்தது. இது 2009ல் பதிவான செய்தி.

7. நம் நாட்டில் விதி என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில், குருத்தணு மாற்றை வழக்கமான சிகிச்சையாக ஏற்றது ரத்தம் சம்பந்தமான நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றை மட்டுமே. மற்ற எல்லாம் ஆராய்ச்சி; அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே கொடுப்பது முறைகேடு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து விதிகளும் குருத்தணுவிலிருந்து தயாரித்த பொருளைப் புதிய மருந்தாகவே கருதுகின்றன.

ஆகவே யாராவது சிகிச்சை தருகிறோம் என்றால் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

அ) இது சிகிச்சையா, சோதனையா? சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண் என்ன? பதிவு 2009 ஜூன் முதல் கட்டாயம், யாரும் பார்க்கலாம்.

ஆ) நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் எங்கே?

இ) சோதனை என்றால் எங்களிடம் ஏன் லட்சக்கணக்கில் பணம் கேட்கிறீர்கள்?

ஈ) எந்த அணு, எத்தனை, எந்த வழியில்? ஒப்பிட்டுப் பார்க்க அணு பெறாத குழு உண்டா?

உ) கெடுதல் நேர்ந்தால் நஷ்ட ஈடு யார் தருவார்? விதிப்படி சோதனையில் அது உண்டு.

நண்பர் அந்தப் பிரசுரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து முதல் கேள்வியைக் கேட்டார். 'பெரிய டாக்டரிடம் நேரில் பேசுங்கள்' என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு, 'இந்த மாதம் சேர்ந்தால் தள்ளுபடி உண்டு' என்று பதில் வந்ததாம்.

8. இன்று நம் கையில் இருப்பது

முதலில் தடுப்பு. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் தலைக் காயத்தின் வாய்ப்பை 69 சதவீதமும், உயிரிழப்பை 42 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். எந்தக் குருத்தணுவும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வாரைப் பூட்டினால்தான் அது ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும்.

அடிபட்டவரைக் கழுத்து அசையாமல் தூக்குங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். 112 அல்லது 108க்குப் போன் செய்து, ஸ்கேனும் நரம்பு அறுவை வசதியும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உதவுபவரைப் போலீஸ் தொந்தரவு செய்யாதபடி 2016ல் உச்ச நீதிமன்றமும் 2019ல் சட்டத் திருத்தமும் பாதுகாப்பு தந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்தபின் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் வடிதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

பிறகு பயிற்சி. செத்த அணு திரும்பாது. ஆனால் மிஞ்சிய அணுக்கள் புதுத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும். அதற்கு முக்கியமான தூண்டுதல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது. பிசியோதெரபியை ஆறு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியாக ஒரு விஷயம் உண்டு. பேச்சுப் பயிற்சி இங்கே பெரும்பாலும் இந்தியில் நடக்கிறது. நண்பர் மகன் வீட்டில் தமிழும், வெளியில் இந்தியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசியவன். இந்தியில் பழத்தின் பெயர் கேட்டால் விழித்தான். அம்மா 'இது என்னடா கண்ணு?' என்றால் 'கொய்யா' என்றான். நோயாளி எந்தெந்த மொழி பேசுவார் என்பதை முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் அவருக்கு நெருங்கிய மொழியில் தினமும் பேசச் செய்யுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது.

நண்பர் நிலத்தை விற்கவில்லை. மகன் பூரண குணமடைந்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான், அது உண்மையில்லை. வலது கையில் டம்ளரைப் பிடிக்கிறான், சில நாள் நழுவுகிறது. போன மாதம் தடியை ஊன்றி நம் சங்க நூலகத்தின் படி ஏறி வந்து, ஒரு பக்கத்தை மெல்ல வாசித்துக் காட்டினான்.

அணு மாற்று ஆராய்ச்சி பொய் இல்லை. அது இன்னும் சோதனைக் கூடத்துக்கும் நோயாளிக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. முறையான சோதனை ஒன்று தில்லியில் பதிவானால் மகனைச் சேர்க்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். டாக்டரிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு தாராளமாகச் சேர்க்கலாம், அதற்கு நிலத்தை விற்க வேண்டியிருக்காது என்று சொல்லியிருக்கிறேன்.